நாலு, இருநூற்றுப் பதினேழு

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

தனேஸ்வரனின் மளிகைக்கடைக் கண்ணாடிக் கதவில் மூன்று மொழிகளில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ரொக்கம் வாங்க மாட்டார்களாம். கைப்பேசியைக் காட்டலாம், அல்லது அட்டையைக் காட்டலாம். மலாயில் மரியாதையாக எழுதியிருக்கிறது. சீனம் எனக்குத் தெரியாது. தமிழில் மட்டும், "காசு கொண்டு வராதீர்கள்." இந்த ஜெலாப்பாங்கில் ஒரு கடைக்காரன் இப்படிச் சொல்வான் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

காரணம் இருக்கிறது. ஜூனில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை, பாராங்கத்தியோடு இரண்டு பேர் வந்து கல்லாவை வழித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் முறை வந்தவன், "இவ்வளவுதானா?" என்று கேட்டானாம்.

"அதுதாண்ணே எனக்குப் பொறுக்கல," என்றான் தனேஸ்வரன். "கொள்ளையடிக்க வந்தவன் யாவாரம் டல்லுன்னு வருத்தப்படுறான்."

இன்றே பழகிவிடலாம் என்று நானும் கைப்பேசியை நீட்டினேன். இயந்திரம் அசையவில்லை. இன்னும் பக்கத்தில் வைத்தேன். பிறகு அழுத்தினேன். கல்லாவில் இருக்கும் தினேஸ்வரி பொறுமையான பெண். காம்பாரில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். காத்திருக்கிற நேரத்தில் வேலை செய்கிறாள்.

"அங்கிள், அது கண்ணாடிக் கூடு. ஃபோனு சட்டப் பையில இருக்கு."

முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கடிதங்களை மொழிபெயர்த்தவன் நான். வீட்டில் ஐந்து அலமாரிப் புத்தகம். இதை என் மனைவி புஷ்பலதாவிடம் சொல்லவில்லை. நான் வீடு சேர்வதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது.

6 ஆகஸ்ட், புதன்

இன்று கடையில் முதல் வியாபாரம் என்னுடையது. முதல் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைப்பது தனேஸ்வரனின் வழக்கம். ஒற்றிக்கொள்ள இன்று காசு இல்லை. சற்று யோசித்தான். என் கைப்பேசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்கு ஒரு முறை காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். திரையில் சந்தனம்.

9 ஆகஸ்ட், சனி

எனக்கு இது வேடிக்கை. என் அக்கா செல்லாயிக்கு அப்படியில்லை.

அக்காவுக்கு எழுபத்துமூன்று. மாமா போன பிறகு பின் வரிசை வீட்டில் தனியாக இருக்கிறாள். வாசலில் மரவள்ளி, பின்னால் ஆறு கோழி. தனேஸ்வரன் கடைக்கு அவள் நடையில் ஐந்து நிமிடம். அடுத்த கடை பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். மே மாதம் அந்தச் சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார்சைக்கிள் அவள் கைப்பையை இழுத்துக்கொண்டு போனது. திருடுவதற்காக அல்ல, கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. அக்காவும் பையோடு நாலடி போனாள். முழங்கையில் ஏழு தையல்.

மகன் தர்மேந்திரன் ஷா ஆலாமில் இருக்கிறான். அன்றைக்கே வந்து சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ அந்த ரோட்டக் கடந்தீங்கன்னு கேட்டேன், லோரியோட வந்து அள்ளிட்டுப் போயிருவேன்." நல்ல பையன். அவன் வீடு பதினேழாவது மாடி.

இன்று நான் அறிவிப்பைப் படித்துக் காட்டியதும் அக்கா கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டாள். காசு செல்லாது என்றால் சாலையைக் கடக்க வேண்டும். சாலையைக் கடந்தால் பதினேழாவது மாடி.

"அங்க கோழிய எங்கடா மேய விடுவேன்? லிப்டுலயா?"

16 ஆகஸ்ட், சனி

தர்மேந்திரன் தன் பழைய கைப்பேசியை அம்மாவுக்குக் கொண்டு வந்தான். அவள் வங்கி அட்டையை அதற்குள் ஏற்றினான். தட்டினால் காசு போகும். போனவுடன் அவனுக்குச் செய்தி வரும். "ஒரு மாசம் பாப்போம் மாமா. தனியா செஞ்சிட்டாங்கன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

பிறகு கைரேகை. கட்டைவிரலை வைக்கச் சொன்னது. வைத்தாள். மீண்டும் வைக்கச் சொன்னது. வைத்தாள். விரலைத் துடைக்கச் சொன்னது. முந்தானையில் துடைத்து வைத்தாள். பத்து விரலும் ஆயிற்று. சோப்புப் போட்டுக் கழுவி வந்து மறுபடியும் பத்து விரல். இருபத்தொன்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி, பாலிலும் ஆசிட்டிலும் ஊறிய விரல்கள். ரேகை என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வழவழப்பு.

"என்னாடா சொல்லுது?"

"உங்களுக்கு வெரலே இல்லங்குது."

"அப்ப அது யாரு சம்பாரிச்சதாம்?"

முகத்தைக் காட்டினால் திறந்தது. ஆனால் காசு என்று வந்ததும் முகம் போதாது என்றது. ஆளைத் தெரிகிறது, நம்பிக்கைதான் இல்லை. உறவுக்காரர்களிலும் இப்படிச் சிலர் உண்டு.

கடைசியில் எண். நான்கு இலக்கம். அக்காவுக்குப் படிக்க வராது, எண் தெரியும். தோட்டத்தில் அவளுக்கு இருந்த எண்ணைக் கேட்டோம். நாலாம் டிவிசன், இருநூற்றுப் பதினேழு. அதையே வைத்தோம். ஒரே தடவையில் அழுத்தினாள். தர்மேந்திரனுக்கே கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது.

18 ஆகஸ்ட், திங்கள்

அக்காவின் முதல் நாள். துணைக்குப் போனேன். அரைக் கிலோ நெத்திலி, வெங்காயம், ஒரு கட்டு வெற்றிலை. தினேஸ்வரி தொகையைச் சொன்னாள். "ஆன்டி, நம்பர் போட்டுத் தட்டுங்க."

அக்கா நிமிர்ந்து நின்றாள். கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு, அரிசி மூட்டைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து ஓடும்படி ஒரு குரல்:

"நாலு! எரநூத்திப் பதினேழு!"

சொன்ன பிறகுதான் அழுத்தினாள். இயந்திரம் 'பீப்' என்றது. அவளுக்குத் திருப்தி. "கேட்டுக்கிச்சு," என்றாள்.

எனக்கு உடனே புரிந்தது. விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள், பெரட்டு என்பார்கள். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பேரைக் கூப்பிட, ஆள் பதில் கொடுக்க வேண்டும். சிலிம் ரிவர் பக்கத்து அந்தத் தோட்டத்தில் நாலு டிவிசனுக்கும் சேர்த்து ஆறு செல்லாயி. அதனால் டிவிசனையும் எண்ணையும் கத்த வேண்டும். கிராணி காதில் விழவில்லையென்றால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. இருபத்தொன்பது வருடம். வாய் சொல்லாமல் அவள் விரல் நகராது.

"அக்கா, அது ரகசிய நம்பர். மனசுக்குள்ள சொல்லணும்."

"மனசுக்குள்ள சொன்னா கிராணிக்கு எப்படிறா கேக்கும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா ஒரு நாளைக்கு மூன்று முறை கடைக்குப் போகிறாள். காலையில் வெங்காயம், மத்தியானம் மிளகாய், சாயங்காலம் காலையில் மறந்த வெங்காயம். போன மாதம்வரை வாரத்துக்கு ஒரு முறை போனவள்.

மற்றவர்கள் அவ்வளவு தைரியமாக இல்லை. முன் வரிசை வீட்டு வாத்தியார் இயந்திரத்துக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கைப்பேசியை அதன் நெற்றியில் வைத்துக்கொண்டே நிற்கிறார். ஓர் அம்மா தட்டிவிட்டு, "போயிருச்சா? போயிருச்சா?" என்று போனவரின் உறவினர்போல் கேட்கிறார். கடைக்குள் சிக்னல் கிடைக்காதவர்கள் வெளியே வந்து சாக்கடை ஓரம் நின்று கையை உயர்த்துகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரார்த்தனைக் கூட்டம்.

புஷ்பலதாவுக்கு வேறு சிக்கல். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அவள் வீட்டிலிருந்து காசு வெளியே போகக்கூடாது. கைப்பேசியில் தட்டினால் அது வீட்டுக் காசா? நேற்று முன்தினம் முழுக்க யோசித்து இன்று தீர்ப்புச் சொன்னாள்: "காசு பேங்குல இருக்கு. பேங்குக்காரன் வீட்டுலதானே வெளக்கு வைக்கக் கூடாது?" மேல்முறையீடு இல்லை.

1 செப்டம்பர், திங்கள்

இன்றிலிருந்து ரொக்கம் இல்லை. சாயங்காலக் கூட்டத்தில் அக்காவின் முறை வந்தபோது வரிசையே காத்திருந்தது. "நாலு!" என்று அவள் தொடங்க, பின்னால் நின்ற நாலைந்து பேர் சேர்ந்து முடித்தார்கள். பால் டின் எடுக்க வந்த ஒரு சீனத்து ஆள்கூட, தமிழில், தெளிவாக. அக்கா திரும்பிப் பார்த்து, "பேரு விழுந்திருச்சு, போங்க எல்லாரும்," என்றாள்.

தர்மேந்திரன் கூப்பிட்டான். "பரவாயில்ல மாமா. அம்மா என்னைய விட அதிகமா தட்டுறாங்க."

11 செப்டம்பர், வியாழன்

பத்தரை மணிக்குத் தர்மேந்திரன் கூப்பிட்டான்.

"மாமா, அம்மா எதுக்கு எண்பது வெள்ளிக்கு எண்ணெ போட்டாங்க?"

எண்பது ரிங்கிட்டுக்குச் சமையல் எண்ணெய் என்று நினைத்தேன். தீபாவளிக்கு முன்கூட்டியே பலகாரம் சுடுகிறாளோ?

"பெட்ரோல் மாமா. என்னா ஓட்டுறாங்க அவங்க?"

ஓடினேன். அக்கா வீட்டில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசி? பையில் இல்லை. கடையில் தக்காளி பொறுக்கும்போது தட்டின்மேல் வைத்த ஞாபகம். கடைக்குப் போனோம். தக்காளி இருந்தது.

நாங்கள் தேடிக்கொண்டிருக்கையிலேயே தர்மேந்திரன் மறுபடியும். கைப்பேசிக் கடையில் நூற்றுப்பத்து. பிறகு கோழி வறுவல், நாற்பத்தாறு வெள்ளி. அதற்குள் அவன் வங்கிக்குச் சொல்லி நிறுத்திவிட்டான்.

அக்கா தக்காளித் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடையில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

போலீஸ் நிலையம். அதிகாரி நல்லவர், இளைஞர். எண் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். நான் மலாயில் சொன்னேன்: எங்கள் குடியிருப்பு, இந்தத் தாமான் முழுவதற்கும். எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பெயர் சொல்லுங்கள் என்றார். முதல் பெயராக என் பெயரைச் சொன்னேன். அதுதானே சரி?

கைப்பேசியைத் தினேஸ்வரி கண்டுபிடித்தாள், குடியிருப்பு மண்டபத்துக்குப் பின்னால் புல்லில். எடுத்தவன் யாரென்று தெரியவில்லை. எண்ணைச் சொல்லிவிட்டதால் வங்கி பணம் தராது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தர்மேந்திரன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். "தீவாளிக்கு வாரேன் மாமா. திரும்பிப் போறப்ப அம்மாவயும் கூட்டிக்கிட்டுப் போறேன். பெட்டிங்க நான் கொண்டாரேன்."

நாலு வாரம் — நாலு வாரமா நானும் நின்னு கேட்டேன். சிரிச்சேன். வீட்டுக்கு வந்து இந்த நோட்டுல அழகா எழுதி வச்சேன், பூனை ஓடுச்சு, சீனன் சொன்னான்னு. ஒரு நாள் அவ வாயப் பொத்தியிருக்கலாம்ல? எனக்கு வேடிக்கை வேணும். அவளுக்கு வீடு போகுது.

அவள் சீவிய மரத்தில்தான் நான் படித்தேன். அவள் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஏன்?

14 செப்டம்பர், ஞாயிறு

அக்கா வெளியே வருவதில்லை. புஷ்பலதா சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறாள்.

"என்ன வேணும் அண்ணின்னு கேட்டா, ஒண்ணும் வேணாம்ங்கிறாங்க. மூணு நாளா ரசம்."

சாயங்காலம் போனேன். வெற்றிலை இல்லாமல் வாய் வெளுத்திருந்தது. "வெத்தலைக்குக்கூட புஷ்பத்துக்கிட்ட சொல்லி அனுப்பணுமா? எனக்குக் கையி காலு இல்லையா?" என்றாள். பிறகு பதினேழாவது மாடியிலிருந்து குப்பையை எப்படிக் கொட்டுவார்கள் என்று விசாரித்தாள். சொன்னேன்.

17 செப்டம்பர், புதன்

"ஒரு மாசம் பாப்போம்" என்று தர்மேந்திரன் அன்று கேலிக்குச் சொன்னதை நான் உண்மையாக எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் கேட்டவனிடம் இன்னொரு மாதம் கேட்டேன். தீபாவளிவரை பார்க்கலாம், அதற்குள் அம்மா தவறில்லாமல் செய்துகாட்டட்டும் என்றேன். "நீங்க கேக்குறதுனால மாமா," என்றான். குரலில் நம்பிக்கை இல்லை. வங்கி புது அட்டை கொடுத்தது. அவனே தூரத்திலிருந்து வழி சொல்ல, கைப்பேசியில் ஏற்றினேன்.

புது எண்ணை நானே தேர்ந்தெடுத்தேன். யாரும் ஊகிக்க முடியாதது. பிறந்த தேதி இல்லை, வீட்டு எண் இல்லை. அக்காவாலும் ஊகிக்க முடியவில்லை. காலையில் சொல்லிக்கொடுத்ததை மத்தியானம் தலைகீழாக அழுத்தினாள். ஐந்து முறை தவறி, முப்பது வினாடி காத்திருக்கச் சொன்னது.

"அது யாரு நம்பருடா?"

"யாரு நம்பரும் இல்லக்கா."

"அதான் வர மாட்டேங்குது."

20 செப்டம்பர், சனி

வாயை அடைக்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டலாம் என்று, அழுத்தும்போது வாயில் வைத்துக்கொள்ள இஞ்சி மிட்டாய் வாங்கினேன். வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. மேசைமேல் சோப்புப் பெட்டி, அதுதான் இயந்திரம். புஷ்பலதா கல்லா. நான் வரிசை.

மிட்டாயோடு சேர்த்தே கத்தினாள். எண் தவறு, ஆனால் உரத்த குரல். மிட்டாய் சோப்புப் பெட்டியில் போய் விழுந்தது.

"ஏங்க, இவங்கள விட்டுருங்க," என்றாள் புஷ்பலதா. "நாப்பது வருசமா உங்க வாயே நம்மளால நிறுத்த முடியல."

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. தனேஸ்வரன் தராசு, கத்தி, கல்லா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தான். காசு கட்டுவதற்காகச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டக் குறியையும் விடவில்லை. அதன் மூன்று மூலைகளிலும் மூன்று சின்னச் சதுரங்கள் இருக்கும். பொட்டு வைக்க அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். மூன்றிலும் கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அந்த மூன்று சதுரங்களைத்தான் கைப்பேசி தேடுமாம். ஒரு கைப்பேசியும் படிக்கவில்லை.

துடைக்கலாமே என்றால், பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாதாம். "தட்டுற மிஷினு வேல செய்யிதுண்ணே. அதுக்கு பின்னாலதான் பொட்டு வெச்சேன்." தட்டத் தெரியாதவர்கள் பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அக்காவும் வந்திருந்தாள். கைப்பேசியைக் கொண்டு வரவில்லை. பொரி சாப்பிட்டபடி, மற்றவர்கள் அழுத்துவதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம். கிளம்பும்போது தினேஸ்வரியிடம் ஏதோ கேட்டாள்.

6 அக்டோபர், திங்கள்

ரொட்டி வாங்கப் போனேன். கதவைத் தள்ளியதும் அந்தக் குரல்.

"நாலு! எரநூத்திப் பதினேழு!"

கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டேன். அந்த எண்ணைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோமே? அக்கா கல்லாவில் நிமிர்ந்து நிற்கிறாள். அழுத்தினாள். தட்டினாள். 'பீப்'. வெற்றிலையை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து வெளியே போனாள்.

வாசலில் பிடித்தேன். "திரும்ப அதையே வெச்சியா? கோட்டியா பிடிச்சிருக்கு உனக்கு? தர்மா என்னா சொல்வான்?"

"கத்தாதடா. ரோட்டுல போறவனுக்கெல்லாம் கேக்கும்."

இதைச் சொன்னது அவள்.

கொஞ்ச தூரம் நடந்து, வீட்டு வேலியைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். இவளுக்கு அடுத்த நெரையில், அதாவது அடுத்த மர வரிசையில், முத்தம்மா என்று ஒருத்தி மரம் சீவினாள். வயிற்றுப் பிள்ளையோடு மூன்று மாதம் படுத்த படுக்கை. அவள் பேர் வெட்டப்படாமல் இருக்க, அக்கா தினமும் பெரட்டில் முன் வரிசையில் நின்று தன் எண்ணைக் கத்துவாள்; பிறகு இருட்டில் பின்னால் நகர்ந்துபோய், முக்காட்டை இழுத்துக்கொண்டு, முத்தம்மாவின் எண்ணை வேறு குரலில் கத்துவாள். இரண்டு நெரையையும் அவளே சீவினாள்.

"அந்த மூணு மாசமும், வாயி எம் பேரச் சொல்றப்ப மனசு முத்தம்மா நம்பரத்தான்டா புடிச்சிக்கிட்டு நிக்கும். விட்டா மறந்துரும்ல? அதுதான் இப்பவும். வாயி எனக்கு, வெரலு முத்தம்மாவுக்கு."

"யாரு மாத்திக் குடுத்தா?"

"தினேஸ்வரி. அவளையும் திரும்பி நிக்கச் சொல்லித்தான் அழுத்துனேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ நோட்டுல எழுதுவ."

7 அக்டோபர், செவ்வாய்

முத்தம்மாவின் எண் எனக்கு இன்னும் தெரியாது. கேட்கவும் இல்லை.

13 அக்டோபர், திங்கள்

வரிசையில் சிலர் அக்காவைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அக்கா திருந்தவே இல்லையே சார், பாத்துக்குங்க," என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தலை குனிந்து சொன்னேன், அதுவும் நன்றாக வந்தது.

தர்மேந்திரன் கூப்பிட்டான். சனிக்கிழமை வருகிறான். பெட்டிகள் வாங்கிவிட்டானாம். அறையில் கட்டில் போட்டாயிற்று, ஜன்னல் பக்கம், காற்று வரும். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அக்காவிடம் கேட்டேன்.

"சொன்னா நம்புவானா? வரட்டும். பாக்கட்டும்."

"பாத்தும் நம்பலன்னா?"

ஒரு கோழியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

18 அக்டோபர், சனி

வந்துவிட்டான். மடித்த அட்டைப் பெட்டிகள் எட்டு, வாசல் சுவரில் சாய்த்து வைத்தான்.

சாயங்காலம் தீபாவளிச் சாமான் வாங்க அம்மாவும் மகனும் கடைக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். கடையில் நல்ல கூட்டம். கடலை மாவு, சர்க்கரை, நெய், முறுக்கு மாவு. அறுபத்துமூன்று வெள்ளி நாற்பது சென். தர்மேந்திரன் தன் கைப்பேசியை எடுத்தான். "உள்ள வை," என்றாள் அக்கா. நிமிர்ந்தாள்.

"நாலு! எரநூத்திப் பதினேழு!"

அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. எல்லாம் முடிந்தது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். வழியில் மெதுவாக என்னிடம் சொன்னான்: "பாத்தீங்களா மாமா? ஒரு மாசத்துல அதே நம்பரு, அதே சத்தம். நான் என்னா செய்யிறது? நீங்களே சொல்லுங்க." சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று புஷ்பலதாவுக்குத்தான் தெரியும்.

ஆறரைக்கு அக்கா குளிக்கப் போனாள். கைப்பேசி சாமி மேடைக்குப் பக்கத்தில், சார்ஜில். தர்மேந்திரன் எழுந்துபோய் எடுத்தான். எண்ணை மாற்றலாம் என்று எடுத்தானோ, இல்லை எவ்வளவு எளிதாகத் திறக்கிறது என்று எனக்குக் காட்டவோ, தெரியாது. நாலு எண் அழுத்தினான். நின்றான். மறுபடி அழுத்தினான், இம்முறை ஒவ்வொன்றாக. உதடு அசைந்தது. ஐந்தாவது முறைக்குப் பிறகு முப்பது வினாடி காத்திருக்கச் சொல்லியிருக்கும். காத்திருந்தான். பிறகு எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தான். திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் பத்திரிகையில் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தேன். என் ராசி எதுவென்று எனக்குத் தெரியாது.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அக்கா முறுக்கு சுட்டாள். தர்மேந்திரன் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சூடாகவே தின்று வாயைச் சுட்டுக்கொண்டான். பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

22 அக்டோபர், புதன்

ஒன்பது மணிக்குக் கிளம்பினான். தனியாக.

பெட்டிகளில் ஏழு, மடித்தபடியே வண்டியில் ஏறின. அவற்றின் மேல் மரவள்ளிக்கிழங்கு ஒரு மூட்டை, முறுக்கு இரண்டு டின். ஒரு பெட்டியை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு கோழி அடைக்கு உட்காரப் போகிறதாம்.

அவன் வண்டியை எடுத்து, சாலை முனைவரை போய், பின்னோக்கியே திரும்பி வந்தான். எதையோ மறந்துவிட்டான் என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கி அம்மாவைக் கூப்பிட்டான்.

"கடையில இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. பின்னால நிக்கிறவனுக்கு சரியா கேக்கல."

"அத நீ சொல்லித் தரணுமா?" என்றாள் அக்கா. "ரோட்டப் பாத்து ஓட்டு."